அளக்காத ஞாயிற்றுக்கிழமைகள்

கடல் இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். புதிதாக வந்திருக்கும் உங்களுக்காகப் பழைய ஆட்கள் ஆளுக்கு நாலு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். ஊக்கம் தருகிற மாதிரி இருக்கட்டும் என்றும் ஒரு வார்த்தை சேர்த்தார்கள். ஊக்கம் தருவது எனக்கு வராது. நான் செய்த ஒரு திருட்டுத்தனத்தையும், அதனால் யார் யார் தலை உருளப் பார்த்தது என்பதையும் சொல்கிறேன். கருவியை எப்படிப் பிடிப்பது, எப்படிக் கழுவுவது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

தொண்ணூறுகளில் நம் ஆய்வுக்கூடம் கோட்டையூரில் இருந்தது. ஒரு நகரத்தார் குடும்பத்து அறக்கட்டளை, பூட்டிக் கிடந்த தங்கள் பெரிய வீட்டை இதற்குக் கொடுத்திருந்தது. கடலுக்கும் அந்த வீட்டுக்கும் பஸ்ஸில் பாதி நாள் தூரம். வளவு என்கிற உள்முற்றத்தில் தேக்குத் தூண்களுக்கு நடுவே கண்ணாடித் தொட்டிகள் வரிசையாக நிற்கும். வாரம் ஒருமுறை லாரியில் கடல்தண்ணீர் வரும். ஊர்க்காரர்களுக்கு அந்த லாரி பெரிய வேடிக்கை. "ஊருணித் தண்ணிக்கே நாங்க குடத்தோட நிக்கிறோம், இவுக உப்புத்தண்ணிய வெல கொடுத்து வாங்குறாக" என்பார்கள். வீட்டுச் சொந்தக்கார ஆச்சி ஒருமுறை மதராஸிலிருந்து வந்து, உப்புப் பூத்துப்போன ஆத்தங்குடிக் கல் தரையைப் பார்த்துவிட்டு எங்கள் இயக்குநரை வாங்கு வாங்கென்று வாங்கியது தனிக்கதை.

நான் அமராவதிபுதூர்க்காரன். பெயர் சவரிமுத்து. முதலில் எனக்குத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அதில் இரண்டு தொட்டிகளில் உயிருள்ள பவளம் இருந்தது. ஒரு வைகாசியில் மழை பெய்து மரம் சாய்ந்து, இரண்டு நாள் மின்சாரம் இல்லை. தொட்டிகளைக் குளிரவைக்கும் இயந்திரம் நின்றது. மழை விட்டபின் மேலண்டைப் பக்கத் தொட்டியில் மத்தியானம் முழுக்க வெயில் விழுந்தது. தொட்டிகளுக்குள் காற்று போகக் கைப்பம்பை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வாரம் முடிவதற்குள் அந்தத் தொட்டியில் இருந்த பவளம் முழுக்கச் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. கீழண்டைத் தொட்டி நிழலில் இருந்தது. அதில் இருந்த பவளம் பழுப்பு நிறம் மாறாமல் அப்படியே இருந்தது.

இயக்குநர் வந்து பார்த்துவிட்டு, நான் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தொட்டியைக் கழுவியிருக்கிறேன் என்றார். இல்லை என்றேன். இரண்டு தொட்டியையும் ஒரே நாளில், ஒரே துணியால் கழுவினேன், அப்படியென்றால் இரண்டும் அல்லவா வெளுத்திருக்க வேண்டும் என்று கேட்டேன். கீழ்நிலை ஊழியன் கேள்வி கேட்டால் மேலதிகாரிக்குக் காது கேட்காது. வெளுத்த பவளத்தில் ஒரு துண்டை உடைத்து ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு, நாளும் தொட்டியின் எண்ணும் எழுதி ஒட்டி அலமாரியில் வைத்தேன். கோபத்தில்தான் வைத்தேன். ஆராய்ச்சி நோக்கம் என்று இப்போது பெருமையடித்துக்கொள்ள மாட்டேன்.

அந்தக் குற்றத்துக்கு எனக்குக் கிடைத்த தண்டனை, கடற்கரைக்கு மாற்றல். மண்டபம் என்கிற ஊருக்கு இந்தப் பக்கம் ஒரு மீனவர் ஊரில் நமக்கு ஒரு கொட்டகையும், கடலுக்குள் நீளும் ஒரு மரப்பாலமும் இருந்தன. வேலை சுலபம். காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டு, வெப்பமானியை அதில் பிடித்து, எண்ணை நோட்டில் எழுத வேண்டும். தினமும் எழுத வேண்டும் என்பது விதி. அதற்குப் போட்டிருந்த ஆள் ஒருவன்தான். அவனுக்கு லீவு நாள் உண்டா என்று விதியில் எழுதவில்லை. ஆள் போதாத வேலையைக் கொடுத்தது அலுவலகத்தின் தப்பு. அதை வாய்திறந்து சொல்லாமல் நான் செய்தது என் தப்பு. அலுவலகத்தின் தப்பைக் காட்டி என் தப்பைக் குறைத்துக்கொள்ள நான் தயாரில்லை.

நான் செய்தது இதுதான். சனிக்கிழமை மத்தியானம் அளந்து முடித்ததும் பஸ் ஏறுவேன். ஞாயிறு காலை அமராவதிபுதூர் கோவிலில் குடும்பத்தோடு பூசை. திங்கள் விடியற்காலம் கிளம்பி மத்தியான அளவுக்கு வந்து சேர்வேன். விட்டுப்போன ஞாயிற்றுக்கிழமைக்கும் திங்கள் காலைக்கும் சனியையும் திங்கள் மத்தியானத்தையும் பார்த்து, நடுவாக ஒரு எண்ணைப் போட்டுவிடுவேன். ஓய்வு நாளைப் பரிசுத்தமாக அனுசரி என்பது கத்தோலிக்கர்களான எங்களுக்கு மூன்றாம் கட்டளை. பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது எட்டாம் கட்டளை. மூன்றைக் காப்பாற்ற வாராவாரம் எட்டை உடைத்தேன். சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. எண்ணெல்லாம் ஒரு பாவமா என்று நினைத்திருந்தேன்.

மூன்று வருஷத்தில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. இயக்குநர் மாதாமாதம் நோட்டைப் பார்த்து, 'ஒழுங்காக உள்ளது' என்று பச்சை மையில் கையெழுத்துப் போடுவார்.

அந்த ஊரில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் இருந்தார்கள். விரலில் துணி சுற்றி, காலில் பழைய செருப்பைக் கட்டிக்கொண்டு, பவளப் பாறைகள் இருக்கும் இடத்துக்கு நீந்திப் போய், மூச்சடக்கி முங்கி, பாசியைப் பறித்து இடுப்புப் பையில் போடுவார்கள். பாறைத் திட்டை அவர்கள் 'பார்' என்பார்கள். அவர்களில் மூத்தவர் ஒரு அக்கா. பெயரை எழுதவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், அதனால் எழுதவில்லை. நான் வெப்பமானியைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, கடலுக்குக் காய்ச்சல் பார்க்கிறேன் என்று கேலி செய்வார். நானும் சிரித்துக்கொள்வேன்.

தொண்ணூற்றெட்டு கோடையில் அந்தக் கேலி கேலியாக இல்லாமல் போயிற்று. சித்திரை பிறந்ததிலிருந்து காற்றே இல்லை. கடல் தாம்பாளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. என் எண்கள் ஏறத் தொடங்கின. இரண்டு வருஷமாக இதே மாதத்தில் நான் எழுதிய எதுவும் இவ்வளவு இல்லை. கருவியில் கோளாறு என்று நினைத்து இன்னொன்றை வைத்துப் பார்த்தேன். அதுவும் அதே எண்ணைக் காட்டியது. வைகாசி பிறந்தும் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று வரவில்லை, எண்ணும் இறங்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அக்கா தண்ணீரிலிருந்து ஏறிவந்து பாலத்தில் உட்கார்ந்தார். பை பாதிகூட நிறையவில்லை. தண்ணீர் மேலே மட்டுமல்ல, முங்கினாலும் சுடுகிறது என்றார். பார் முழுக்க வெள்ளையாகிவிட்டது, ஓரா மீன் ஒன்றைக்கூடக் காணோம், கிளிமீன் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை என்றார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, அவர் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். கோட்டையூர் வளவில் நான் பார்த்த அதே வெள்ளை. ஆனால் இது கண்ணெட்டிய தூரம் வரை இருந்தது.

பவளம் ஏன் வெளுக்கிறது என்பதை நீங்கள் படித்துவிட்டு வந்திருப்பீர்கள். அதன் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. அதற்குச் சோறு போடுவதும் நிறம் கொடுப்பதும் அந்தப் பாசிதான். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால், குடியிருப்பவனை வீட்டுக்காரன் வெளியே தள்ளிவிடுகிறான். பிறகு வீட்டுக்காரனுக்கே சோறில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் செத்துப் பச்சைப்பாசி படிந்துவிடும். பாரை நம்பி வாழும் மீனும் போய்விடும். எங்கள் காலத்தில் இதையெல்லாம் யாரோ அனுப்பிய நகலெடுத்த தாளில் நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

இரண்டு வாரம் கழித்து, கரையைக் கண்காணிக்கும் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். வெளுத்த பாரைப் பார்த்தார்கள். யாரோ மீன் பிடிக்கப் பாரில் விஷம் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்கள். தினமும் பாரில் இறங்குகிறவர்கள் யார் என்று விசாரித்தார்கள். பதினோரு பாசிக்காரப் பெண்கள் பெயரை எழுதிக்கொண்டு, பையையும் கண்ணாடியையும் பறித்துக்கொண்டு போனார்கள். பாரில் இனி இறங்கக் கூடாது, இறங்கினால் சிறை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பதினோரு வீட்டிலும் அடுப்பு எரிவது அந்தப் பாசியால்தான்.

இயக்குநருக்கு விஷயம் போனது. அந்த வருஷத்து அறிக்கையை அவர் அனுப்ப வேண்டிய நேரம் அது. என்னை நோட்டோடு கோட்டையூருக்கு வரச்சொன்னார். பச்சை மைப் பேனாவை மூடி வைத்துவிட்டு, இந்த இரண்டு மாதம் மட்டும் சரியில்லை என்றார். ஸ்டோரிலிருந்து முத்திரையிட்ட புது வெப்பமானி ஒன்றை எடுத்து வந்து, என்னுடையதையும் அதையும் ஒரே வாளியில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே எண். மறுபடி வைத்தார். மறுபடியும் அதே எண்.

"கருவி சரி சவரி. ஆனா இந்த எண்ண எவனும் நம்ப மாட்டான். போன வருஷத்தோட ஒத்துப்போற மாதிரி திருத்திக் கொண்டா."

அங்கேதான் எனக்கு உறைத்தது. மூன்று வருஷமாக நான் கொட்டகையில் உட்கார்ந்து எழுதிய பொய் எண்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கால் கடுக்க நின்று அளந்த நிஜ எண்கள்தான் ஒழுங்கில்லாமல் இருந்தன. இதை நீங்கள் எங்காவது எழுதி ஒட்டிவைத்துக் கொள்ளுங்கள். ஒழுங்காக இருக்கிறது என்பதற்காக ஒன்றை நம்பாதீர்கள், ஒழுங்கில்லை என்பதற்காக ஒன்றைத் தூக்கி எறியாதீர்கள்.

திருத்த மாட்டேன் என்றேன். அதற்கு முன்பு அந்த வீட்டில் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. இயக்குநர் கெட்டவர் அல்ல. அறிக்கை திரும்பி வந்தால் ஆய்வுக்கூடமே மூடப்படும் என்று பயந்தார், அவ்வளவுதான். சத்தம் போட்டார், பிறகு கெஞ்சினார். நான் அசையவில்லை. பாசிக்காரப் பெண்களை விசாரிக்கும் அதிகாரி அடுத்த வாரம் நம் கூடத்துக்கே வந்து தொட்டிகளையும் நோட்டையும் பார்க்கப் போகிறார் என்று தெரிந்தது. அந்த நோட்டு ஒன்றுதான் அந்தப் பதினோரு பேருக்குச் சாட்சி. தண்ணீர் கொதித்ததற்கு வேறு ஆதாரம் எவரிடமும் இல்லை.

வீரனாட்டம் சொல்லிவிட்டு வெளியே வந்தபிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்தன. தினமும் நீயே அளந்தாயா என்று அதிகாரி கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது. அந்த ஊர்க்காரர் ஒருவரும் சேர்ந்து ஆமாம் என்றால் இன்னும் பலம். அதற்காகவே பஸ் ஏறி அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் வீட்டு வாசலில் காலில் கட்டும் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார். பாரில் இறங்கக் கூடாது என்றபிறகும் எதற்குத் தைக்கிறீர்கள் என்று கேட்டேன். இறங்காமல் என்ன செய்வதாம் என்றார். நான் தினமும் அளப்பதைப் பார்த்ததாக அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று கேட்டேன். ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம உங்களப் பாலத்துல காணமாட்டோமே தம்பி."

ஒரு நாள்தானே அக்கா, உங்களுக்காகத்தானே கேட்கிறேன் என்றேன். அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"எங்க மேல பொய்க் கேசு போட்டுருக்காக. நானும் போயிப் பொய் சொன்னா அது நெசக் கேசாயிருமுல்ல. கேட்டா உள்ளதத்தேன் சொல்லுவேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது. இந்தப் பொம்பளைக்கு நல்லது செய்ய வந்தால் இப்படிப் பேசுகிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினேன். ராமநாதபுரம் தாண்டியதும் கோபம் வடிந்தது. மடியில் நோட்டைப் பிரித்து வைத்து, சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவால் என் ஞாயிற்றுக்கிழமைகளை அடிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் 'அளக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திங்கள் காலைகளையும் அடித்தேன். பஸ் குலுங்கக் குலுங்கக் கோடெல்லாம் கோணிக்கொண்டு போயின. தேவகோட்டை வரும்போது முதல் வருஷம்தான் முடிந்திருந்தது. காரைக்குடி வரும்வரைக்கும் அடித்தேன், மிச்சத்தை வீட்டில் வைத்து முடித்தேன். என் மனைவி எட்டிப் பார்த்து, நோட்டுக்கு அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்டாள்.

விசாரணை அன்று காலை பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். வளவில் தொட்டிகளுக்குப் பக்கத்தில் மேஜை போட்டிருந்தது. பாசிக்காரப் பெண்களில் அக்காவை மட்டும் வரச்சொல்லியிருந்தார்கள். நாற்காலி காட்டியும் உட்காராமல் தூணோரம் நின்றார். அதிகாரி நோட்டைப் புரட்டினார். சிவப்புக் கோடுகளைப் பார்த்ததும் நிறுத்தினார். இயக்குநர் அப்போதுதான் அதை முதல்முறை பார்க்கிறார். அவர் முகம் செத்துவிட்டது. மூன்று வருஷம் பச்சை மையில் ஒழுங்கு என்று எழுதியவர் அவர்தானே.

இது என்ன என்று அதிகாரி என்னிடம் கேட்டார். அந்த நாட்களில் நான் ஊரில் இல்லை, எண்ணைக் கற்பனையாக எழுதினேன் என்றேன். அவர் நோட்டை மூடி வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை பொய் எழுதின ஆளு புதன்கிழமை நெசம் எழுதினாருன்னு நான் எப்படி நம்புறது?"

நியாயமான கேள்வி. உங்களையும் ஒருநாள் எவராவது கேட்பார்கள். அன்றைக்கு நான் சொன்ன பதிலை இன்றைக்கும் மாற்ற மாட்டேன்.

"என்னைய நம்ப வேண்டாம் சார், நோட்டப் பாருங்க. நான் எழுதின பொய்யெல்லாம் சனிக்கும் திங்களுக்கும் நடுவுல சொகமா ஒக்காந்திருக்கும், ஒருத்தரையும் உறுத்தாது. அதான் மூணு வருஷம் ஒருத்தரும் கேக்கல. சித்திர வைகாசி எண்ணுக அம்புட்டும் உறுத்துது. அதத் திருத்தச் சொல்லி எனக்கு உத்தரவே வந்துச்சு. பொய் எழுதுறவன் மாட்டிக்கிற மாதிரியா எழுதுவான்?"

இயக்குநர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவரைக் காட்டிக்கொடுத்தது எனக்குப் பிடித்தமான காரியம் இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டிருந்தால் அந்தப் பதில் பாதிப் பதிலாகப் போயிருக்கும்.

அலமாரியிலிருந்து ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். இந்தப் பவளம் மண்டபத்தில் வெளுக்கவில்லை, இதே வளவில், அதோ அந்த மேலண்டைத் தொட்டியில், மின்சாரம் போய்த் தண்ணீர் சூடானபோது வெளுத்தது என்று சொன்னேன். அதில் ஒட்டியிருந்த தேதியை வாசிக்கச் சொன்னேன். "கோட்டையூருக்கு எந்தப் பாசிக்காரப் பொம்பள வந்து வெசம் போட்டா சார்?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அதற்கு வருத்தமில்லை.

அதிகாரி அக்காவிடம் திரும்பி, இவர் தினமும் அளந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஞாயித்துக்கெழமயும் திங்கக் காலையிலயும் இருக்க மாட்டாரு. மத்த நாளு இவரு வாளி விழுகுற சத்தங் கேட்டுத்தேன் நாங்க தண்ணியில எறங்குறது."

அதிகாரி நோட்டையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனார். ஏறக்குறைய இரண்டு மாதம் எங்களுக்குத் தூக்கமில்லை. பிறகு ஒரு கடிதம் வந்தது. பாசிக்காரர்கள் மேல் நடவடிக்கை இல்லை, பறித்த பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று மூன்று வரி. ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது. நம் நோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை கிடையாது. பாட்டில் திரும்பி வரவே இல்லை. நன்றியை எதிர்பார்த்து இந்த வேலைக்கு வந்திருந்தால் இப்போதே பஸ் ஸ்டாண்டுக்குப் போகலாம்.

எனக்கும் ஒரு கடிதம் வந்தது. பொய்யாகப் பதிவு செய்ததற்காகக் கண்டனம், பதவி உயர்வு கிடையாது. அது எனக்கு வரவேண்டியதுதான், வாங்கிக்கொண்டேன். ஆனால் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நோட்டில் 'ஆள் இல்லை, அளக்கவில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதத் தொடங்கினேன். இயக்குநர் அந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தார். அறிக்கை அசிங்கமாக இருக்கிறது என்றார். ஆள் போடுங்கள், அழகாகிவிடும் என்றேன். மறுவருஷம் முழுக்க எழுதினேன். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கும் திங்கள் காலைக்கும் உள்ளூரில் ஒரு ஆளை வைத்துக்கொள்ள அனுமதி வாங்கிக் கொடுத்தார். நான் அக்காவைக் கேட்டேன். படிக்கத் தெரியாதே என்றார். பஸ் நம்பர் படிப்பீர்களல்லவா, அது போதும் என்றேன்.

பாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கேஸ் போயிற்று, பார் முழுசாகத் திரும்பவில்லை. கரையோரம் கொஞ்சம் நிறம் பிடித்தது. மற்றதெல்லாம் இடிந்து கல்லாகிவிட்டது. காரைக்குடிச் சந்தையில் அதற்குப் பிறகு நல்ல ஓரா கிடைத்த நாட்களை நான் விரல்விட்டு எண்ணலாம். பெண்கள் இன்னும் தொலைவாக நீந்திப் போய்ப் பாசி எடுத்தார்கள். கடல் சூடானது அவர்களால் இல்லை, ஆனால் தண்டம் கட்டியது அவர்கள்தான். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. உங்களுக்கும் ஆறக்கூடாது. ஒரு பார் வெளுத்ததும் கரையில் நிற்கும் ஏழையின் பெயரை எழுதிக்கொள்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் வைக்க உங்களிடம் இருக்கப்போவது எண்கள் மட்டும்தான். அதைக் கெடுத்து வைக்காதீர்கள்.

போன மாதம் உங்களில் ஒருவர் கணினியில் எனக்கு ஒரு வரைபடம் காட்டினார். கடலில் மிதக்கும் கருவி பழுதானால், விட்டுப்போன நாட்களைக் கணினி தானே நிரப்பிக்கொள்ளுமாம். எப்படி என்று கேட்டேன். முன்னாலும் பின்னாலும் உள்ள எண்களைப் பார்த்து நடுவாகப் போடும் என்றார், பெருமையாக. நான் மூன்று வருஷம் செய்த வேலையை அது கண்ணிமைக்கும் நேரத்தில் செய்கிறது. நிரப்பத்தான் வேண்டுமென்றால் நிரப்புங்கள், ஆனால் எது நிரப்பியது என்று சிவப்பில் காட்டுங்கள். முடியாதென்றால் அணைத்துவிடுங்கள்.

அக்கா அளந்த முதல் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். திங்கட்கிழமை மத்தியானம் நான் வந்து நோட்டைத் திறந்தேன். ஞாயிறு மத்தியானத்துக்கு நேரே பென்சிலில், நண்டு நடந்த மாதிரி ஒரு எண். சனிக்கும் மேலே, அப்போதுதான் நான் அளந்த திங்களுக்கும் மேலே. நடுவில் உட்கார மாட்டேன் என்று தனியாக நின்றது. என்னை அறியாமல் கை பேனாவுக்குப் போனது. தப்பாகப் பார்த்திருப்பார், படிக்காதவர்தானே என்று நினைத்தேன். இத்தனையும் பட்டபிறகு நானே அப்படி நினைத்தேன். அக்கா பாலத்தடியில் பாசியைக் கொட்டிக்கொண்டிருந்தார். சரியாகத்தான் பார்த்தீர்களா என்று மேலே இருந்தபடி கேட்டேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நான் தண்ணியில நின்னு பாத்தேன் தம்பி. நீங்க எங்குட்டு இருந்தீக?"